டாகுமெண்ட்டை மாற்றும்போது படங்கள் ஏன் இடம் மாறுகின்றன?

கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் முதலில் கற்றுக் கொள்ளும் வேலைகளில் ஒன்று, வேர்டில் டாகுமெண்ட் தயாரிப்பது. டைப் செய்கிறோம், நடுநடுவே படங்களைச் சேர்க்கிறோம், பிரிண்ட் எடுத்துப் பார்க்கிறோம். எல்லாம் அழகாகவே இருக்கும். பிரச்சினை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதே டாகுமெண்ட்டை இணையப் பக்கமாகவோ, மொபைல் போனில் படிக்கும் இ-புக் ஆகவோ மாற்றினால், எழுத்துகள் பெரும்பாலும் ஒழுங்காக வந்து சேரும். படங்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒன்று இரண்டு பத்தி தள்ளிப் போய் நிற்கும். ஒன்று காணாமலே போகும். ஒரு படத்தின் குறிப்பு இன்னொரு படத்துக்குக் கீழே வந்து உட்காரும்.

உடனே "இந்த மென்பொருள் சரியில்லை" என்று வேறொரு கன்வெர்ட்டரைத் தேடிப் போவோம். அங்கேயும் பெரும்பாலும் இதே கதைதான். ஏனென்றால் தவறு பல நேரங்களில் கன்வெர்ட்டரில் இல்லை. நாம் டாகுமெண்ட்டைத் தயாரித்த விதத்தில் இருக்கிறது. இது எனக்கே பட்ட பிறகுதான் புரிந்தது.

ஒரு புத்தகமும் ஒரு போன் அழைப்பும்

என் பெரியப்பா ராமநாதபுரத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அங்கிருந்து உயிர் தப்பி வந்து ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் வீடு வீடாகப் போய், அவர்களிடம் மிஞ்சியிருந்த பழைய போட்டோக்களை வாங்கி ஸ்கேன் செய்து சேர்த்திருந்தார். மொத்தம் 30 படங்கள். எல்லாவற்றையும் வேர்டில் அவரே டைப் செய்து, மவுசால் இழுத்து இழுத்துப் படங்களைப் பொருத்தி வைத்திருந்தார். பிரிண்டில் குறை சொல்ல முடியாது.

நான் மென்பொருள் பொறியாளர் என்பதால் அதை இ-புக் ஆக மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பத்து நிமிடத்தில் மாற்றினேன். முதல் ஐந்து பக்கங்களைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படியே எல்லோருக்கும் அனுப்பி விட்டேன்.

இரண்டாம் நாள் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா பெரியப்பாவுக்குப் போன் செய்தார். "வாத்தியாரய்யா, எங்க அய்யா படத்துக்குக் கீழ வேற யாரு பேரோ இருக்கு. எங்க அய்யா பேரு வேற ஒருத்தர் படத்துக்குக் கீழ இருக்கு. எங்ககிட்ட இருந்த ஒரே படம் அதுதான்யா" என்றார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "கடைசி வரைக்கும் ஒரு தடவை பார்த்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பக்கத்தை வேர்டில் திறந்து பார்த்தேன். இரண்டு போட்டோக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவற்றின் கீழே ஒரே வரியில் இரண்டு பெயர்களும் டைப் செய்யப்பட்டு, இடையில் ஸ்பேஸ் பார் பல முறை தட்டப்பட்டிருந்தது. மனிதர் பார்த்தால் எந்தப் பெயர் எந்தப் படத்துக்கு என்பதில் சந்தேகமே வராது. ஆனால் பைலுக்குள் வலப்பக்கப் படம் முதலாவதாகவும் இடப்பக்கப் படம் இரண்டாவதாகவும் பதிவாகியிருந்தன. இ-புக்கில் அதே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிட்டன. பெயர்களின் வரிசை மட்டும் மாறவில்லை. ஆள் மாறிவிட்டது.

கன்வெர்ட்டர் பக்கத்தைப் பார்ப்பதில்லை

புதியவர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டிய செய்தி இது. நாம் மானிட்டரில் பார்ப்பது ஒரு பக்கத்தை. கன்வெர்ட்டர் படிப்பது அந்தப் பக்கத்தை அல்ல. பைலுக்குள் எழுதி வைக்கப்பட்ட விவரங்களை. ஒரு வரி படத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்பதோ, சின்ன எழுத்தில் இருக்கிறது என்பதோ அதற்கு ஒரு பொருட்டல்ல. "இது இந்தப் படத்தின் குறிப்பு" என்று பைலில் எழுதியிருந்தால் மட்டுமே நம்பிக்கையோடு சேர்த்து வைக்கும். இப்படி எழுதி வைக்கும் முறைக்குத்தான் மார்க்கப் என்று பெயர்.

மார்க்கப் என்றால் என்ன?

அந்தக் காலத்து அச்சகத்தில் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பேனாவால் குறிகள் போடுவார்கள். இந்த வரி தலைப்பு, இது தடித்த எழுத்து, இங்கே பிளாக் வர வேண்டும் என்று அச்சுக் கோர்ப்பவருக்குச் சொல்லும் குறிகள் அவை. அவை அச்சில் வராது. ஆனால் அவை இல்லாமல் அச்சும் வராது. கம்ப்யூட்டர் மார்க்கப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1969-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் ஜிஎம்எல் என்ற மார்க்கப் மொழியை உருவாக்கினார்கள். அவர்களது பெயர்களின் முதல் எழுத்துகளே அந்த மூன்று எழுத்துகள். அந்த வழியில் வந்ததுதான் இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல்.

இன்று நீங்கள் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள் நான்கு.

ஹெச்டிஎம்எல்: இணையப் பக்கங்களின் மொழி. இ-புக் வகைகளில் பிரபலமான இ-பப் பைலும் உள்ளே இதே மொழிதான். பக்கங்களையும் படங்களையும் சேர்த்து ஒரே ஜிப் பைலாகக் கட்டியிருப்பார்கள்.

லேடெக்ஸ்: கணிதமும் அறிவியலும் எழுதுபவர்கள் விரும்புவது. இதில் படத்துக்கு நிலையான இடம் கிடையாது. பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே மென்பொருளே வைத்து, எண்ணும் கொடுத்துவிடும்.

மார்க்டவுன்: 2004-ஆம் ஆண்டு ஜான் க்ரூபர் வெளியிட்டது. சாதாரண நோட்பேடிலேயே எழுதலாம். படத்தைச் சேர்க்க ஓர் ஆச்சரியக்குறி, சதுர அடைப்புக்குள் படக்குறிப்பு, வளைந்த அடைப்புக்குள் படத்தின் பைல் பெயர். அவ்வளவுதான். ![தனுஷ்கோடி தேவாலயம்](படம்-7) என்பது போல.

வேர்டின் டாக்எக்ஸ்: 2007-ஆம் ஆண்டு ஆபீஸ் தொகுப்புடன் வந்த பைல் வகை. இதுவும் உள்ளே மார்க்கப்தான். நாம் பட்டன்களை அழுத்த, வேர்டு நமக்காகக் குறிகளை எழுதிக் கொள்கிறது.

இந்த நான்கிலும் "படம்" என்பதற்கு ஒரே பொருள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹெச்டிஎம்எல்-ஐயே எடுத்துக் கொள்வோம். 1993-ஆம் ஆண்டு மொசைக் பிரவுசர் வந்த காலத்திலேயே பக்கத்தில் படத்தை வைக்கும் குறி வந்துவிட்டது. ஆனால் படத்தையும் அதன் குறிப்பையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் ஃபிகர் என்ற குறி, ஹெச்டிஎம்எல் 5 உடன்தான் வந்தது. அது அதிகாரபூர்வமாக வெளியானது 2014-இல். இடைப்பட்ட 20 ஆண்டுகளில் எழுதப்பட்ட இணையப் பக்கங்களில் படக்குறிப்பு என்பது படத்துக்குக் கீழே தற்செயலாக வந்த இன்னொரு பத்தி, அவ்வளவுதான்.

கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது?

பத்து வகை பைல்கள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒன்பதுக்கும் மாற்ற வேண்டுமென்றால் 90 தனித்தனி புரோகிராம்கள் எழுத வேண்டும். அதற்குப் பதில் நடுவில் ஒரு பொதுவான வடிவத்தை வைத்துக் கொண்டால்? எந்தப் பைலையும் படித்து அந்தப் பொது வடிவத்துக்குக் கொண்டுவரப் பத்து புரோகிராம்கள், அதிலிருந்து வெளியே எழுதப் பத்து. மொத்தம் 20 போதும்.

பாண்டாக் என்ற இலவச மென்பொருள் இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் இதை 2006-ஆம் ஆண்டு வெளியிட்டார். டாகுமெண்ட்டைப் படித்ததும் அது தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, படம் என்று பிரித்து ஒரு மரம் போல அடுக்கி வைத்துக் கொள்ளும். பிறகு நீங்கள் கேட்ட பைல் வகையில் அந்த மரத்தை எழுதித் தரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் உள்ள பொது வடிவத்தில் ஒரு பொருளுக்கு இடம் இல்லையென்றால், அது வழியிலேயே தொலைந்துவிடும். பாண்டாக்கில் குறிப்போடு கூடிய படத்துக்கென்று தனி இடம் நீண்ட காலம் இல்லை. ஒரு பத்தியில் படம் மட்டும் தனியாக இருந்தால், அதன் மீது ஓர் அடையாளம் போட்டு அதைப் "படம் + குறிப்பு" என்று கருதி வந்தார்கள். 2023 ஜனவரியில் வந்த 3.0 பதிப்பில்தான் ஃபிகர் என்ற தனிப் பகுதியே சேர்க்கப்பட்டது. மென்பொருள் எழுதுபவர்களுக்கே படத்தையும் குறிப்பையும் சேர்த்துக் கட்ட இத்தனை காலம் பிடித்திருக்கிறது என்றால், நம் ஸ்பேஸ் பார் கட்டு எத்தனை நேரம் தாங்கும்?

நீங்களே திறந்து பாருங்கள்

ஒரு சிறு சோதனை. படங்கள் உள்ள ஒரு டாக்எக்ஸ் பைலைக் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். காப்பியில் மட்டுமே இதைச் செய்திடவும். பைல் பெயரின் கடைசியில் உள்ள துணைப் பெயரை நீக்கி, ஜிப் என்பதற்கான ஆங்கில எழுத்துகளைக் கொடுங்கள். துணைப் பெயர் தெரியவில்லை என்றால், விண்டோஸ் பைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்திடவும். விண்டோஸ் ஓர் எச்சரிக்கை தரும்; யெஸ் கொடுங்கள். இப்போது டபுள் கிளிக் செய்தால் உள்ளே சில போல்டர்கள் தெரியும். வேர்டு என்ற போல்டருக்குள் மீடியா என்று ஒன்று இருக்கும். நீங்கள் சேர்த்த படங்கள் எல்லாம் அங்கே தனித்தனி பைல்களாக இருப்பதைக் காணலாம்.

எழுத்து வேறு இடத்தில், படம் வேறு இடத்தில். இரண்டையும் இணைப்பது மார்க்கப்பில் உள்ள ஒரு வரி மட்டுமே. இதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால், மாற்றும்போது ஏற்படும் குழப்பங்கள் பலவும் தாமாகவே விளங்கிவிடும்.

படங்களுக்கு வரும் ஐந்து சோதனைகள்

1. நங்கூரம்: வேர்டில் மவுசால் எங்கு வேண்டுமானாலும் இழுத்து வைக்கக்கூடிய படத்துக்கு ஓர் ஆங்கர் இருக்கும். படத்தைக் கிளிக் செய்தால் பத்தியின் ஓரத்தில் நங்கூரம் போன்ற சிறு படம் தோன்றும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நங்கூரம் ஓரிடத்தில் கிடக்க, வள்ளம் கயிற்றின் நீளத்துக்குத் தள்ளி மிதக்கும். கன்வெர்ட்டர் வள்ளம் மிதக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. நங்கூரம் கிடக்கும் பத்தியைத்தான் பார்க்கும். படத்தை அங்கே கொண்டு போய் வைத்துவிடும். பெரியப்பாவின் புத்தகத்தில் நடந்தது இதுதான்.

2. வரைந்த படங்கள்: பெரியப்பா மன்னார் வளைகுடாத் தீவுகளின் வரைபடத்தை வேர்டிலேயே வட்டம், கோடு, டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து வரைந்திருந்தார். இ-புக்கில் அது வரவே இல்லை. ஷேப்ஸ் மூலம் வரைந்தது படப் பைல் அல்ல. மீடியா போல்டரில் அது இருக்காது. பல கன்வெர்ட்டர்கள் அதை விட்டுவிடும்.

3. வெட்டிய படங்கள்: வேர்டில் கிராப் செய்தால் படம் வெட்டப்படுவதில்லை, மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். மாற்றும்போது முழுப் படமும் திரும்பி வந்துவிடலாம். காட்ட விரும்பாத ஆட்கள், முகவரி, போன் நம்பர் இருந்தால் எச்சரிக்கை. கம்ப்ரஸ் பிக்சர்ஸ் வசதியில் டெலீட் கிராப்ட் ஏரியாஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெட்டிய பகுதி உண்மையிலேயே நீங்கும்.

4. படத்தின் வகை: ஜேபெக், பிஎன்ஜி இரண்டும் எங்கும் தெரியும். ஸ்கேனர்கள் தரும் டிஃப், பழைய கிளிப் ஆர்ட்டில் வரும் டபிள்யுஎம்எஃப், இஎம்எஃப் ஆகியவை பெரும்பாலான பிரவுசர்களில் தெரியாது. கன்வெர்ட்டர் படத்தை ஒழுங்காக எடுத்து வைத்திருந்தாலும், நமக்குக் காலிக் கட்டம்தான் தெரியும்.

5. தனியே தங்கும் படங்கள்: வேர்டில் வெப் பேஜ் ஆக சேவ் செய்தால், பக்கத்துடன் ஒரு போல்டரும் உருவாகும். படங்கள் அதற்குள் இருக்கும். பக்கத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் சென்றால் படங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். போல்டரையும் சேர்த்து எடுத்துச் செல்லவும்.

தமிழுக்கு மட்டும் உரிய தொல்லை

பெரியப்பா புத்தகத்தின் பாதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாமினி எழுத்துருவில் டைப் செய்து வைத்திருந்தார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புள்ளி வைத்த எழுத்து ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பதில் பைலில் இருப்பது ஓர் அரைப்புள்ளி! இங்கே "இது பாமினி" என்ற குறிப்பே ஒரு மார்க்கப். கன்வெர்ட்டர் எழுத்துருவின் பெயரைக் கைவிட்டால், மிஞ்சுவது புரியாத ஆங்கிலக் குப்பை. எனவே வேறு எந்த மாற்றத்துக்கும் முன்னால் முழு டாகுமெண்ட்டையும் யூனிகோடுக்கு மாற்றிட வேண்டும். படக்குறிப்புகளையும் டெக்ஸ்ட் பாக்ஸ்களையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த மாற்றம் செய்யக் கூடியதுதான். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை டிஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்குக் கொண்டு வந்தது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ், ஒரே நூலை இ-பப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் தந்திருக்கிறது. மூலம் ஒழுங்காக இருந்தால் வடிவங்கள் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பிடிஎஃப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தை அப்படியே காட்டுவதற்கு அதைவிட நல்லது இல்லை, படங்கள் நகராது. ஆனால் பிடிஎஃப்-இலிருந்து திரும்ப வேர்டுக்கு வருவது கடினம். எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் என்பதுதான் அதில் முக்கியமாக இருக்கும். பத்தி, படக்குறிப்பு என்ற விவரம் பல பைல்களில் இருக்காது. "கொடி" என்ற சொல்லைக் காப்பி செய்தால், கொம்பு முன்னால் தனியே நின்று எழுத்து உடைந்து வருவதையும் பார்த்திருப்பீர்கள். மூல வேர்டு பைலை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

நான் பெரியப்பாவின் புத்தகத்தைத் திருத்திய வரிசையையே தருகிறேன்.

1. படத்தைத் தேர்ந்தெடுத்து, லேஅவுட் ஆப்ஷன்ஸில் இன் லைன் வித் டெக்ஸ்ட் என்பதைக் கிளிக் செய்திடவும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஆங்கர் என்பதில் ஆஸ் கேரக்டர். இனி படம் ஓர் எழுத்தைப் போல வரியிலேயே நிற்கும்.

2. ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பத்தி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள் வேண்டாம்.

3. குறிப்பை வெறுமனே டைப் செய்யாமல், படத்தில் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் கேப்ஷன் மூலம் கொடுங்கள். நியூ லேபிள் கொடுத்து "படம்" என்று தமிழிலேயே வைத்துக் கொள்ளலாம். எண்களை வேர்டே போடும்.

4. "மேலே உள்ள படத்தில்", "அடுத்த பக்கத்தில்" என்று எழுதாதீர்கள். மொபைலில் பக்கம் என்பதே மாறிவிடும். "படம் 7-இல்" என்று எழுதவும். ரெஃபரன்சஸ் டேபில் உள்ள கிராஸ் ரெஃபரன்ஸ் வசதியைப் பயன்படுத்தினால், நடுவில் படம் சேர்த்தாலும் எண்களைப் புதுப்பித்துக் கொள்ளலாம்.

5. ஷேப்ஸ் கொண்டு வரைந்ததை குரூப் செய்து, ரைட் கிளிக் மெனுவில் சேவ் ஆஸ் பிக்சர் கொடுத்து பிஎன்ஜி ஆக்கி, அந்தப் படத்தைச் சேர்த்திடவும்.

6. ஆல்ட் டெக்ஸ்ட் பகுதியில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பார்வையற்றவர்களின் கம்ப்யூட்டர் அதைத்தான் வாசித்துக் காட்டும். மாற்றிய பைலில் படம் தெரியாமல் போனாலும், அங்கே என்ன இருந்தது என்பதாவது தெரியும்.

7. மாற்றிய பிறகு படங்களை எண்ணிப் பாருங்கள். மூலத்தில் 30 என்றால் இங்கும் 30 இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படத்தையும் அதன் குறிப்போடு கடைசி வரை ஒப்பிடுங்கள்.

பாண்டாக் கட்டளைகளை டைப் செய்து இயக்கும் மென்பொருள். அதற்குத் தயக்கமாக இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் 2018-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே பைல் மெனுவில் நேரடியாக இ-பப் ஆக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி உள்ளது. எதைப் பயன்படுத்தினாலும் மேலே சொன்ன ஏழும் பொருந்தும்.

முதல் முறை பத்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு, இரண்டாம் முறை எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கடைசி ஒப்பீட்டை நான் செய்யவில்லை. பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்தேன். எந்த முகம் யாருடையது என்பது அவருக்குத்தான் தெரியும். திருத்திய இ-புக்கை அந்தத் தங்கச்சிமடத்து அம்மாவுக்குத்தான் முதலில் அனுப்பினோம். சற்று நேரத்தில் போன் வந்தது. "இப்ப எங்க அய்யா படத்துக்குக் கீழ எங்க அய்யா பேரு இருக்கு" என்றார். பெரியப்பா அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்பச் சொன்னார்.